ஒரு குடும்பத்துக்கு மட்டும் இடம்

என் அக்கா எனக்குப் பல மாதங்களாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் எனக்குத் தெரியவந்தது. அதைச் சொன்னவருக்கு அக்காவைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் இல்லை. அவர் ஒரு சந்தேகம் கேட்டார், அவ்வளவுதான்.

அவர் பர்மாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் பெண்மணி. பொத்தோங் பாசிரில் ஒரு சீனர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, தேக்கா சந்தையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, என் கடைக்கு வருவார். முதல் தடவை கால் உடைந்த கண்ணாடியோடு வந்தார். தமிழ்ப் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்ததாகச் சொன்னார். பல தலைமுறைகளாகப் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பம். தமிழ் பேசத் தெரியும், படிக்க எழுத்துக்கூட்டித்தான் வரும். "வூட்ல இதத்தான் பேசுவோம் அண்ணே, வெளியில பர்மீஸ்" என்றார். கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்த பிறகும் வந்துகொண்டிருந்தார். பேசுவதற்கு ஒரு தமிழ் வாய் கிடைத்தது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஒரே தங்கை. தங்கையின் கணவனைப் பட்டாளத்தில் சேரச் சொல்லி ஆள் வந்தது. அதற்குள் அவர்கள் தெருவிலேயே குண்டு விழுந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து தாய்லாந்து எல்லையில் ஓர் ஊரில் ஒண்டியிருந்தார்கள். வெளியே நடமாடினால் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும் என்ற பயத்தில், பிள்ளைகளை ஒரே அறைக்குள் வைத்துக் காலம் தள்ளினார்கள்.

நான் இங்கே கேட்டுப் பார்த்தேன். சிங்கப்பூர் அகதிகளை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் கேட்டேன். எங்கள் ஊர், போரிலிருந்து ஓடிவருகிறவர்களிடம் நீ என்ன மதம் என்று கேட்பதில்லை. யாரையும் உள்ளே விடுவதும் இல்லை. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கனடாவிலிருந்து அக்கா வந்திருந்தாள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அக்காதான் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். சாப்பிடும் முன் ஜெபம் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது அவள். பிறகு டொராண்டோவில் இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்குத் தப்பி ஓடியவர். அவர் போய் இறங்கியபோது நெற்றியில் திருநீறு இருந்ததாம். அவரை ஏற்று, வீடு பார்த்துக் கொடுத்து, குளிர்கோட்டு மாட்டிவிட்டவர்கள் அங்கே ஒரு தேவாலயத்து மனிதர்கள். இந்தக் கதையை அத்தான் எத்தனையோ தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட கண் கலங்காமல் சொன்னதில்லை.

அக்கா கடைக்கு வந்த அன்று அந்தப் பர்மா அம்மாவும் இருந்தார். முக்காடு போட்டிருந்தார். கையில் அவரே செய்த ரவைப் பலகாரம். அக்கா அதைச் சாப்பிட்டுக்கொண்டே தங்கையின் கதையைக் கேட்டாள். கேட்கக் கேட்க அழுதாள். அங்கே தேவாலயத்து மக்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பொறுப்பேற்று அழைத்துக்கொள்ள வழி இருக்கிறது, தங்கள் ஆலயத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது, அதில் தானும் அத்தானும் இருப்பதாகச் சொன்னாள். அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான். நான் பாத்துக்கிறேன். கவலைப்படாதீங்க."

அந்த அம்மா அந்த உதவியைக் கேட்கவே இல்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காவாகத்தான் சொன்னாள்.

அக்கா திரும்பிப் போன பிறகு எங்களுக்கு அதே பேச்சு. எல்லையில் அந்தத் தங்கை பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்துகள் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். கனடாவில் பனி எப்படி இருக்கும் என்று சின்னவன் கேட்டானாம். ஃபிரிட்ஜுக்குள் இருப்பது மாதிரி என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். நான் அக்காவிடம் விசாரிக்கும்போதெல்லாம் "இமிக்ரேஷன் ஆபீஸ்ல லேட்டாகுதுப்பா, இங்க எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்" என்பாள். நான் நம்பினேன். அவளை நம்பாமல் யாரை நம்புவேன்?

அன்று ஞாயிறு. கடையில் வேறு ஆள் இல்லை. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"அண்ணே, ஞானஸ்நானம்னா தலையில தண்ணி ஊத்துறதுதானே? புள்ளைங்களுக்கு வலிக்காதுல்ல?"

நான் சிரித்துவிட்டேன். "தண்ணிதாம்மா. எதுக்குக் கேக்குறீங்க?"

அவர் முகம் மாறியது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் போலக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் விடவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். அக்கா சில மாதங்களுக்கு முன்பு அவருக்கு நேரடியாகப் போன் செய்திருக்கிறாள். குழுவில் இருப்பவர்கள் நம்ம ஆட்களைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள்; தங்கை குடும்பம் எல்லையில் இருக்கும் ஏதாவது தேவாலயத்தில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் பேசிப்பார்க்கலாம்; தம்பிக்கு இது தெரிய வேண்டாம், அவன் கோபப்படுவான் என்றாளாம்.

"நீங்க ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஒங்க கூடப்பொறந்தவங்க. எதுக்கு நான் நடுவுல?" என்றார். "தங்கச்சி ரெண்டு நாளு சாப்பிடலியாம். அப்புறம் அவளே சொல்றா, அல்லாவுக்கு என் மனசு தெரியும், புள்ளைங்க உசிரு முக்கியம், செய்றேன்னு. அதான் கேட்டேன், வலிக்குமான்னு."

நான் ஞானஸ்நானம் பெற்றவன். என் பிள்ளைகளைத் தொட்டியருகே தூக்கிப் பிடித்து நின்றவன். அந்தத் தண்ணீரை ஒரு தாயிடம் இப்படி விலை பேசியிருக்கிறாள் என் அக்கா.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டுச் சத்தம் கேட்டது.

"அந்தம்மாகிட்ட ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னியா?"

அவள் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி, நீ இங்க இருந்தா புரியும். ஒரு குடும்பத்துக்குத்தான் இடம் இருக்கு. உதவி பண்றது பூரா கோயில் ஜனங்க. அவங்க நம்ம ஆளுங்களுக்குன்னுதான் கொடுக்கிறாங்க. கிறிஸ்தவங்களுக்கு அங்க யாரு இருக்கா? முஸ்லிமுங்களுக்காவது மலேசியா இருக்கு, மத்த நாடு இருக்கு."

"மலேசியா அவங்கள வா வான்னு கூப்பிடுதாக்கா? அங்கயும் புடிச்சு உள்ள வெச்சிருக்கான்."

"எல்லாரையும் நம்மளால காப்பாத்த முடியாது. யாரையாவது தேர்ந்தெடுக்கணும்ல? சொந்த ஜனங்கள மொதல்ல பாக்கிறது தப்பா?"

அவள் சொன்னதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் இடம் இருந்து பத்துப் பேர் நின்றால் ஏதோ ஒரு கணக்கில் ஒருவரைத்தான் எடுக்க முடியும். யார் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். யாருடைய பிள்ளைகள் சின்னவர்கள் என்று பார்க்கலாம். ஆனால் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்த பிறகு, முக்காட்டைப் பார்த்துக்கொண்டே வாக்குக் கொடுத்த பிறகு, அந்த முக்காட்டையே காரணம் சொல்வது எந்தக் கணக்கு?

"சரி. அந்தத் தங்கச்சி ஒத்துக்கிட்டா. பேசிப் பாக்கிறேன்னியே, இப்பப் பேசு" என்றேன்.

அப்போதுதான் மீதி வெளியே வந்தது. இடம் போய்விட்டது. பர்மாவிலிருந்தே ஓடிவந்த வேறொரு கிறிஸ்தவக் குடும்பத்தை எப்போதோ குழு தேர்ந்தெடுத்துவிட்டது, அவர்கள் கிளம்பவும் தயாராகிவிட்டார்கள். அக்கா அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டாளாம். அவள் தள்ளிப்போட்ட அந்த நாள்களில் எல்லையில் ஒரு பெண் தன் மதத்தை விடுவதற்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள்.

"முடிவெடுத்த கூட்டத்துல நீ என்ன சொன்ன?"

"எல்லாரும் கை தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

"அத்தான் வந்தப்போ அவர்கிட்ட யாராச்சும் என்ன சாமின்னு கேட்டாங்களா?"

"அது வேற காலம்" என்றாள். பிறகு போனை அத்தானிடம் கொடுத்துவிட்டாள்.

அத்தான் போனை வாங்கினார். "தம்பி, நானும் அந்தக் கூட்டத்தில இருந்தனான். கதைச்சிருக்கலாம். கதைக்கேல்ல." அக்கா செய்ததைவிட அவர் வாய்மூடி இருந்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவர் சொன்ன அந்தக் குளிர்கோட்டுக் கதையை என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் நான் அவர்களை வளர்த்தேன்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா வந்ததும் உள்ளே கண் பரிசோதிக்கும் அறைக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்தக் குடும்பம் போய்ச் சேந்துட்டாங்களா?"

"போகப் போறாங்கம்மா."

"புள்ளைங்க இருக்கா?"

"மூணு இருக்காம்."

"அவங்களும் ஓடிவந்தவங்கதானே அண்ணே. நல்லா இருக்கட்டும்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "ஆனா நான் கேக்கலியே. நான் கேட்டேனா? அவங்களாத்தானே கையப் புடிச்சாங்க." அப்போது அவர் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தங்கையிடம் போனில் சொல்லும்போது நானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். இருந்தேன். அன்று வீட்டுத் தமிழை விட்டு அவர்கள் பர்மீஸில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் சின்னவனின் குரல் மட்டும் கேட்டது. என்ன கேட்டான் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தக் குடும்பம் இன்னும் அதே எல்லை ஊரில்தான் இருக்கிறது. தங்கையின் கணவனுக்கு ஒரு தையல் தொழிற்சாலையில் மறைவாக வேலை. பிள்ளைகள், ஓடிவந்தவர்களே நடத்தும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். எங்கள் ஆலயத்தில் சிலரிடம் பேசினேன். ஃபாதரும் இன்னும் மூன்று நான்கு பேரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள். அவர்களில் ஒருவரும் பிள்ளைகளின் மதத்தைக் கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது, ஆனால் அந்த ஓர் அறையிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவர அது போதவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அக்கா தனியாக வந்தாள். அந்த அம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். நான் போய்ச் சொன்னேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, "வேணாம் அண்ணே. மொகத்தப் பாத்தா மன்னிச்சுடுவேன். எனக்கு இப்ப மன்னிக்க வேணாம்னு இருக்கு" என்றார்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். திருப்பலிக்குப் போவதற்காகப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ?" என்று கேட்டாள்.

"நான் உன்கூடக் கோயிலுக்கு வரேன்க்கா. வேற ஒண்ணும் கேக்காத" என்றேன்.

இருவரும் செம்பவாங் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுவிக்கும் நேரத்தில் அவள் என் பக்கம் திரும்பினாள். நானும் கைகுவித்தேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது நல்ல மழை. அவளிடம் மட்டும்தான் குடை இருந்தது. "வா" என்றாள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நனைந்துகொண்டே நடந்தேன்.