கப்பலில் இருக்கிற அண்ணன்

விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. மனிதவள மேலாண்மை, சமூக மேம்பாடு, மருத்துவமும் மனநலமும். சமூகப்பணி முதுகலையில் இரண்டாம் ஆண்டுக்கு ஏறுகிற எல்லோரும் இந்த மூன்றில் ஒன்றில் டிக் அடித்தாக வேண்டும். வகுப்பில் இருபத்திரண்டு பேர். பதினாறு பேர் கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டத்தில் அடித்தார்கள். கம்பெனி வேலை, ஏசி அறை, கழுத்தில் அடையாள அட்டை. ஏழை எளியவர்களுக்கு உழைக்கத்தான் பிறவி எடுத்தேன் என்று சேரும்போது நேர்காணலில் வாய் கிழியப் பேசியவர்கள்தான் அத்தனை பேரும். போகட்டும், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

சின்னவள் மூன்றாவது கட்டத்தில் அடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள், அப்பா காலமாகி ஏழு வருஷம், இப்போது வீட்டில் அம்மாவும் இவளும் மட்டும். சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கையோடு திரும்பினாள்.

"உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? கம்பெனில ஜம்முனு உக்காந்து வேலை பாக்கறத விட்டுட்டு, போயும் போயும் பைத்தியக்..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தை அந்த வீட்டில் பதினோரு வருஷமாக யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

காரணம் இதுதான். சின்னவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. அவளுக்குப் பன்னிரண்டு வயசாக இருந்தபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவன் தூக்கம் கெட்டு, சாப்பாடு மறந்து, சுவரோடு பேச ஆரம்பித்தான். நாலு மாதம் பொறுத்துப் பார்த்த அப்பா, ஒருநாள் விடியற்காலையில் வாடகைக் காரில் அவனை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பும்போது தனியாக வந்தார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: பையனுக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. வெகு சௌகரியமான பொய். கப்பலில் இருப்பவன் லீவுக்கு வரவேண்டாம், ஃபோனை எடுக்கவேண்டாம். அப்பா செத்தபோதுகூடக் கப்பல் நடுக்கடலில்தான் இருந்தது. அந்தக் கப்பலைச் சொல்லித்தான் அக்காவுக்கு நல்ல இடத்தில் கல்யாணமும் முடிந்தது.

அப்பாவின் அலமாரியை ஒழித்தபோது சின்னவள் கையில் ஒரு சீட்டு அகப்பட்டது. மனநல மருத்துவமனையின் சேர்க்கைச் சீட்டு, அண்ணன் பெயரில். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு அந்த ஒரே ஆசை. அண்ணனை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பத்தொன்பது வயசில் ஒருதரம் அந்த மருத்துவமனை கேட் வரைக்கும் போனாள். காவலாளி நோட்டை நீட்டி, "பேஷண்டுக்கு என்ன உறவும்மா?" என்றார். மருந்து வாங்கும் வரிசையில் இவர்கள் தெருக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான், வந்த பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிவிட்டாள்.

தங்கச்சி என்று சொல்லி உள்ளே போகத் தைரியம் இல்லை. பயிற்சி மாணவி என்று சொல்லிப் போகலாம் அல்லவா? அதற்காகத்தான் இந்தப் படிப்பு, இந்தக் கட்டம், இந்த டிக். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பயிற்சிக்கு விரும்பும் இடம் என்ற இடத்தில் அந்த மருத்துவமனையின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது. 'இந்நிறுவனத்தில் உங்கள் உறவினர் எவரேனும் சிகிச்சை பெறுகிறாரா?' ஆம் என்றால் இடம் கிடைக்காது, அது விதி. 'இல்லை' என்பதில் அடித்தாள். நியாயமாகச் சொன்னால் அவள் செய்த தப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அதன் வட்டி.

வாரத்தில் புதனும் வெள்ளியும் களப்பணி. மருத்துவமனையில் அவளுக்கு மேற்பார்வை, இருபது வருஷமாக அங்கே சமூகப்பணியாளராக இருக்கிற ஓர் அம்மாள். மேடம் என்றால் அந்த வளாகத்தில் அவர் ஒருவர்தான். மேடம் மேஜைமேல் ஃபைல்கள் முழங்கை உயரத்துக்கு இருந்தன. குணமாகியும் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடப்பவர்களின் ஃபைல்கள்.

"இவங்கள்லாம் வார்டுல இருக்க வேண்டியவங்களே இல்லம்மா. வீடு கிடைச்சா வீட்டுக்கு, கிடைக்கலன்னா இந்தப் பருவம் முடியறதுக்குள்ள நிரந்தரக் காப்பகத்துக்கு. மேலேர்ந்து உத்தரவு. காப்பகம் பஸ்ல பதினோரு மணி நேரம். அங்க போனவங்க திரும்பி வந்து நான் பாத்ததில்ல. ஆளுக்கு மூணு ஃபைல் எடுத்து, குடும்பத்தத் தேடிப்பிடிங்க."

சின்னவள் எடுத்த மூன்றில் ஒன்று யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? பிரித்துப் பார்த்தாள். அப்பா பேரில் இரண்டு எழுத்து மாறியிருந்தது. தெரு சரி, கதவு எண் எண்பத்து மூன்று. இவர்கள் வீடு முப்பத்தெட்டு. அந்தத் தெருவே நாற்பத்திரண்டோடு முடிந்துவிடும். மருத்துவமனை அனுப்பிய ஒன்பது கடிதங்களும் 'அப்படி ஒரு வீடு இல்லை' என்று திரும்பி வந்து ஃபைலிலேயே கிடந்தன.

அண்ணன் மருந்துக் கவர் ஒட்டும் கூடத்தில் இருந்தான். முன்நெற்றி வழுக்கை, வெட்டிய நகம், நிதானமான கை. காகிதத்தை மடித்து, பசை தடவி, விரலால் ஒரு இழுப்பு இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். இவளை நிமிர்ந்து பார்த்தான். கழுத்து அட்டையில் இருந்த பேரை வாய்க்குள்ளேயே படித்தான். பிறகு எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க மேடம்."

அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயசுக் குழந்தையைப் பார்த்தவனுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். குடும்பத்தில் யார் யார்? அவன் பசை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"ரெண்டு தங்கச்சி. சின்னவ சரியான வால். கக்கூஸுக்குப் போனாலும் கதவுக்கு வெளிய உக்காந்திருப்பா. வாலுன்னுதான் கூப்பிடுவேன்."

'நோயாளி தன் இளைய தங்கையைத் தெளிவாக நினைவுகூர்ந்தார்' என்று சின்னவள் அறிக்கையில் எழுதினாள்.

எட்டு வாரம் இப்படி. பிறகு மேடம் சொன்னார், "கடுதாசியெல்லாம் போதும். அந்தத் தெருவுக்கே நேர்ல போய் விசாரிச்சுட்டு வந்துடு."

ஆக, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கழுத்தில் அட்டையும் தோளில் பையுமாக, சின்னவள் தன் வீட்டுக்கே வீட்டுப் பார்வைக்குப் போனாள். சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்.

"என்னடி இவ்ளோ சீக்கிரம்? உடம்பு சரியில்லயா?" என்றாள் அம்மா.

சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சேர்க்கைச் சீட்டை நீட்டினாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அண்ணன் நன்றாக இருக்கிறான், ஒரு மாத்திரைதான், கவர் ஒட்டுகிறான், ஒரு கையெழுத்துப் போட்டால் வந்துவிடுவான். அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"இளைச்சிருக்கானா?"

"இல்லம்மா. முடிதான் கொட்டிப்போச்சு."

"உங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் கொட்டிச்சு." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கொஞ்சநேரம் குலுங்கினாள். சின்னவளுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கையே வந்துவிட்டது. பிறகு அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கப்பல்ல இருக்கறவன் திடீர்னு எப்படிடி வருவான்? உங்க அக்கா வீட்ல என்ன சொல்லுவே?"

"கப்பல்ல போனவங்க ஒருநாள் இறங்கத்தானேம்மா செய்வாங்க?"

"இறங்குவாங்க. பதினோரு வருஷம் மாத்திரை தின்ன முகத்தோட இறங்க மாட்டாங்க. உங்க அக்கா மாமியார் ஒரு பார்வை பாத்தா போதும். அவ வாழ்க்கை போச்சு, உனக்கும் எவனும் வரமாட்டான்."

"எனக்கு எவனும் வேணாம்."

"நான் பாவிதான்டி. எனக்குத் தைரியம் இல்ல. ஆனா உனக்கு இருக்கா? ரெண்டு மாசமா அங்க போய் வர்றியே, இவன் என் அண்ணன்னு அங்க ஒருத்தர்கிட்ட சொன்னியா?"

அம்மா சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவேயில்லை.

புதன்கிழமை, காப்பகத்துக்குப் போகிறவர்கள் பட்டியலை முடிக்கவேண்டும். சொல்லிவிடுவது என்றுதான் சின்னவள் போனாள். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். மேடம் அண்ணனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"உங்க வீட்டத் தேடிப் பாத்தாச்சுப்பா. இந்தப் பொண்ணு நேர்லயே போயிட்டு வந்துச்சு. என்னம்மா, யாராவது கிடைச்சாங்களா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"யாராவது இருக்காங்கன்னு எழுதினா என்ன மேடம் செய்வீங்க?"

"கூப்பிட்டு விடுவோம். தெருவுக்கு ஆள் போகும். கையெழுத்து கேப்போம்."

"அப்ப யாரும் இல்லன்னே எழுதிடுங்க. அந்தப் பொண்ணு பாவம், எவ்ளோ தடவதான் அலையும்?"

மேடம் பேனாவைச் சின்னவளிடம் தள்ளினார். மனப்பாடம் செய்த வாக்கியத்தை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள். கோபமாக வருகிறது எனக்கு, ஆனால் அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. 'உறவினர் எவரும் இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். அவன் எழுந்து வாசல்வரை போனான். இவள் பின்னாலேயே தாழ்வாரத்துக்கு ஓடினாள். அவன் திரும்பாமலே சன்னமாகச் சொன்னான்.

"அழாத வாலு. நாலரை பஸ்ஸ விட்டா அப்புறம் கூட்டம்."

முதல் நாளே தெரிந்திருக்கிறது அவனுக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனையும் ஏற்றிக்கொண்டு காப்பகத்துக்கு வேன் கிளம்பியது. செவ்வாய் வகுப்பு நாள். விடுப்பு எடுத்திருக்கலாம். விடுப்புத் தாளில் காரணம் என்று ஒரு வரி இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பருவக் கடைசியில் களப்பணி ஆசிரியர் அவள் அறிக்கையை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். முதல் மதிப்பெண். குறிப்பில் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: 'நோயாளியிடம் தொழில்முறை இடைவெளி சிறப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டுள்ளது.' பதினாறு கம்பெனிக்காரர்களும் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் ஒரு மாதத் தொடர் பயிற்சி. மறுபடி விண்ணப்பம். இடங்களின் பட்டியலில் அந்தக் காப்பகமும் இருந்தது. சின்னவள் அதை எழுதினாள். கீழே அதே கேள்வி. இந்தத் தடவை 'ஆம்' என்பதில் அடித்தாள். உறவு: அண்ணன். இடம் கிடைக்காது என்று தெரியும். கிடைக்காவிட்டால் போகட்டும், ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும்.

ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"இது நீ பண்ணின கேஸ்தானம்மா?"

"எங்க அண்ணன் சார்."

"பேஷண்டோட ஒட்டிக்கிட்டா இப்படித்தான் தோணும். எனக்கே உன் வயசுல ஒரு பாட்டி பேஷண்டப் பாத்தா எங்க அம்மாவாவே தோணிச்சு. அண்ணன் மாதிரி நினைக்கறது வேற, அண்ணன் வேற."

"நிஜமாவே அண்ணன் சார்."

அவர் அறிக்கையைப் பிரித்து, 'உறவினர் எவரும் இல்லை' என்பதற்குக் கீழே அவள் போட்ட கையெழுத்தைக் காட்டினார். தந்தை பேரைக் காட்டினார், இல்லாத கதவு எண்ணைக் காட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், வீட்டுக்கே ஃபோன் போட்டார். அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பெரியவனா சார்? அவன் கப்பல்ல இருக்கானே. ஏன் சார், சின்னவளுக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் ஓய்வு வேணும், அவ்ளோதான்." ஃபோனை வைத்துவிட்டு, ஆசிரியர் மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளை மையை எடுத்தார். அந்த டிக்கின் மேல் பூசி, ஊதிக் காயவைத்து, 'இல்லை' என்பதில் தானே அடித்தார். அவள் எழுதியிருந்த காப்பகத்தின் பேரையும் கோடு போட்டு நீக்கினார். "ஒரு மாசம் ஏதாவது கம்பெனில மனிதவளத்துல இரு. மனசுக்கு மாத்தமா இருக்கும்."

அம்மாவுக்குச் சந்தோஷம். கழுத்துக்கு அட்டை, ஏசி அறை, எல்லாம் முதல் கட்டத்தில் அடித்தவர்களுக்குக் கிடைத்த மாதிரியே இவளுக்கும் கிடைத்தது. முதல் நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில், பக்கத்து இருக்கைக்காரி டப்பாவைத் திறந்துகொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"கூடப்பிறந்தவங்க எத்தன பேரு?"

"ரெண்டு பேரு," என்றாள் சின்னவள். "அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடிச்சு. அண்ணன் கப்பல்ல இருக்கார்."