மச்சான் ஊருக்கு ஒரு மெடிக்கல் காலேஜ்

எண்ணூரில் மூச்சு முட்டினால், கம்பெனி வாடை என்று ஜன்னலைச் சாத்துவோம். போன மாதம் நைனாவுக்கு மூச்சு முட்டியபோதும் நான் அதைத்தான் செய்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர், "நெஞ்சு மேல கல்லு வெச்ச மாரி கீதுடா" என்றதும் பதறி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள். ராயபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, மாரடைப்பிலிருந்து மயிரிழையில் பிழைத்தார்.

பார்க்க வந்த அத்தை மகன், "எங்க ஊர்ல மெடிக்கல் காலேஜுக்கு நடந்தே போயிடலாம் மச்சான்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஆலைகூட இல்லாத அந்தச் சின்ன ஊருக்கு உண்டு. இத்தனை புகையை விழுங்கும் எங்களுக்கு இல்லையா?

இப்போதெல்லாம் யாருக்கு மூச்சு முட்டினாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன். எண்ணூருக்கும் மருத்துவக் கல்லூரி கேட்டுத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்குகிறேன்.

"இன்னாடா, அவன் மேல பொறாமையா?" என்றார் நைனா.

"ஆமா நைனா. நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்றேன்.