விற்காத அலமாரி

என் மாமியாரின் அலமாரியை நான் விற்கவில்லை. விற்றுவிட்டதாகப் பொய் சொன்னேன். அவர் சாகும்வரை அந்தப் பொய்யை நான் மாற்றவில்லை!

நீங்கள் என்னைக் கெட்டவள் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் நானும் மாமியாரும் மட்டும். அவருக்குச் சர்க்கரை முற்றி, கடைசி நான்கு வருடங்கள் இரண்டு கண்ணும் தெரியவில்லை.

அந்த அலமாரி அவர் கல்யாணத்துக்கு அவருடைய அப்பா செய்து கொடுத்தது. கருத்த பர்மா தேக்கு. அந்த அப்பா முத்துக் குளித்தவர் என்பதால், கதவு முழுக்க மரச் சிப்பிகள் செதுக்கி ஒட்டியிருந்தார்கள். பார்வை போன பிறகு மாமியாருக்கு அந்தச் சிப்பிகள்தான் கண். மூன்றாவது சிப்பிக்கு நேரே மாத்திரை, ஐந்தாவதுக்கு நேரே சேலை... விரலால் எண்ணியே எடுத்துவிடுவார்.

நான் சீராகக் கொண்டுவந்தது ஓர் இரும்பு பீரோ. வந்த முதல் வாரமே அதை மொட்டைமாடிக்கு ஏற்றச் சொன்னார். "இந்தத் தகரத்த என் அலமாரி பக்கத்துல வைக்காதளா. பாக்கவே கேவலமா இருக்கு." உப்புக்காற்றில் இரண்டே வருடத்தில் அது துருப்பிடித்து உதிர்ந்துபோனது. உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அதற்காகத்தான் செய்தேனா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்...

இரண்டு வருடத்துக்கு முன்பு அவருடைய கால் விரலை எடுக்க வேண்டியிருந்தது. இருபது நாள் ஆஸ்பத்திரி. காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, மதியம் வீடு திரும்புவேன். செல்போனில் பழைய மரச்சாமானுக்கு வெள்ளைச் சாயம் அடித்துப் புதிதாக்கும் வீடியோக்களை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வெள்ளை பிடிக்கும். இந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரு பொருளாவது இருக்கக் கூடாதா?

அலமாரியின் கால்களைக் குட்டையாக்கவும் பூட்டை மாற்றவும் ஓர் ஆசாரியைக் கூப்பிட்டேன். அந்த இரண்டையும் முடித்தவர், சிப்பிகளையும் பெயர்த்துவிடச் சொன்னதும் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"பெரியம்மாவுக்குக் கண்ணு தெரியாதுல்லா? தடவிப் பாக்குத அடையாளத்த எடுத்துட்டா என்ன செய்வாவ? நான் மாட்டேம்மா."

ஆகவே, எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரியும்! ஆசாரி போன பிறகு வீட்டிலிருந்த உளியை நானே எடுத்தேன். ஒவ்வொரு சிப்பியும் பல் பிடுங்குவதுபோல் வந்தது. பள்ளங்களில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, உள்ளும் புறமும் வெள்ளை அடித்தேன். எட்டு நாளாயிற்று. வேலை முடிந்ததும் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தேன். அவ்வளவு ருசியாக ஒரு காப்பியை நான் குடித்ததே இல்லை.

மாமியார் வீட்டுக்கு வந்தார். நொண்டியபடி நேரே அலமாரியிடம் போனார். கை வைத்தார். வழுவழுப்பு! இன்னும் கீழே, இன்னும் பக்கத்தில்... விரல்கள் தேடின.

"ஏளா ரெஜினா, இது என்னது? என் அலமாரி எங்கன?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அழுதிருப்பார், அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த விரல்கள் தவிப்பதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இனித்தது.

"அத வித்தாச்சு மாமி. கரையான் அரிச்சிருந்துச்சு. இது புதுசு."

"யாருக்குளா வித்த?"

"தருவைகுளத்துல ஒருத்தருக்கு."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தம் சேலைகளை அந்த அலமாரியில் வைக்க விடவில்லை. ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார்கூடப் புதிது என்றே நம்பினார்கள்.

ஒரு நாள் கால் இடறி விழப்போனவர், அந்த அலமாரியைத்தான் பிடித்து நின்றார். மூச்சு வாங்கியபடி சொன்னார்: "கனமாத்தான் இருக்கு. ஆனா என்னுது மாதிரி வராது."

நான் அடுக்களைக்கு ஓடி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

பிறகு ஒரு முறை, அவர் என்னிடம் கெஞ்சினார். அதுவரை எதற்குமே கெஞ்சாதவர். "தருவைகுளத்துக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போறியா? வாங்கவெல்லாம் வேண்டாம். ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு வந்துருதேன்."

இரண்டு நாள் கழித்துச் சொன்னேன்: "போன் பண்ணிக் கேட்டேன் மாமி. வீட்டுக்கெல்லாம் வர வேண்டாம்னு சொல்லிட்டாவ."

அவர் தலையை ஆட்டினார். அதன்பின் கேட்கவே இல்லை. ஐந்து மாதத்தில் போய்விட்டார். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்...

அவர் முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் உண்மையைச் சொல்லி அவரிடம் திட்டு வாங்கக்கூட முடியாதே!

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கணவர் வந்தார். தொலைபேசியில் அம்மா அழுதது அவர் மனதில் கிடந்தது.

"அம்மா நெனவுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. யாரு வாங்குனா, சொல்லு. என்ன ஆனாலும் திரும்ப வாங்கிருதேன்."

பெயர் மறந்துவிட்டது என்றேன். அவர் கோபப்படவில்லை. மறுநாளே தருவைகுளத்துக்குப் பைக்கில் கிளம்பிவிட்டார். கண்ட வீட்டிலெல்லாம் கேட்டிருக்கிறார், சிப்பி செதுக்கிய அலமாரி இருக்கிறதா என்று. அடுத்த விடுமுறையிலும் போனார். பழைய சாமான் கடைகளில் தம் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறார்.

நேற்றும் போய்விட்டு, வியர்த்து வந்தார். "வேம்பார்ல ஒருத்தர்கிட்ட இருக்காம். நாளைக்குப் போய்ப் பாக்கேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை!

பிறகு வெள்ளை அலமாரியைத் திறந்து, நாளைக்குப் போட ஒரு சட்டையை எடுத்தார்.

நான் அதை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.