பெருங்களத்தூர்க்காரர் தைக்கக் கொடுத்த துணி

ஜோதிலட்சுமி யாரையும் லேசில் நம்பமாட்டாள். அனகாபுத்தூரில் ஒரு சந்து வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். துணி கொண்டுவருகிறவர்களின் கண்ணெதிரிலேயே அதை அளந்து காட்டுவாள். தைத்துக் கொடுக்கும்போது மிச்சமான துண்டுகளையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவாள். "இத வெச்சு நான் என்ன பண்றது, நீயே வெச்சுக்கோ" என்று யாராவது சொன்னால், "வோணாங்க்கா, எடுத்துனு போயிடுங்க" என்று கையில் திணிப்பாள்.

அவள் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். ஒருநாள் சாயங்காலம் கேட்டில் சோதனை போட்டபோது அவளுடைய டிபன் பையிலிருந்து கால் மீட்டர் லேஸ் வந்தது. அவள் எடுத்ததல்ல. யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அண்ணா அண்ணா என்று அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மறுநாள் முதல் வேலை இல்லை. அன்றைக்குப் பிடித்த சந்தேகம் அவளை விடவே இல்லை. சிரித்துப் பேசுகிறவர்கள் மேல் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகம்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாதம். தையல் வேலை குறைவாக இருந்த ஒரு முற்பகலில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, நெற்றியில் மூன்று பட்டை விபூதி. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பையிலிருந்து டர்க்கி டவல், ஃபிளானல், ரெயின்கோட் துணி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். ஸ்கேல் வைத்து வரைந்த ஒரு காகிதத்தையும் நீட்டினார்.

"இந்த மாதிரி ஆறு வேணும்மா. ரெண்டடி நீளம். மேல ஃபிளானல், நடுவுல டவல் நாலு மடிப்பு, அடியில ரெயின்கோட் துணி."

"இன்னாத்துக்கு சார் இது?"

"வண்டி சீட்டுக்கு. மழை வரப்போகுதில்ல."

ஜோதி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மழைக்குன்னா ரெயின்கோட்டு துணி மேலதானே சார் வரணும்? அடியில வெச்சா டவல் நனைஞ்சிடுமே."

அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் சொல்றபடி தைச்சுடும்மா."

பெயர் கேட்டாள். ஒரு நொடி தயங்கி, "ஸ்ரீரங்கன்" என்றார். ஜோதி அவர் நெற்றியைப் பார்த்தாள். விபூதி பூசின ஸ்ரீரங்கனை அவள் அதுவரை கண்டதில்லை. போன் நம்பர் கேட்டதற்கு, "நானே வந்து வாங்கிக்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

சொன்ன நாளில் வந்து ஆறையும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தார், புதுக் காகிதத்தோடு. இந்தத் தடவையும் ஆறுதான், ஆனால் நடுவில் குறுகி இரண்டு முனையிலும் அகலமாக இருந்தது. நான்கு மூலையிலும் நாடா.

"இந்த நாடா எங்க சார் கட்றது?"

"இடுப்புல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"வண்டிக்கு ஏது சார் இடுப்பு?"

அவர் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டு அம்மணி ஜாக்கெட் வாங்க வந்துவிட்டாள். உடனே மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பி, தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் படிக்க ஆரம்பித்துவிட்டார். அம்மணி ஊர்க்கதை பேசி முடித்துக் கிளம்பும்வரை திரும்பவே இல்லை.

அவர் வெளியே போகிற நேரத்தில் ஜோதியின் புருஷன் துலுக்காணம் சாப்பாட்டுக்கு வந்தான். பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"இன்னாமே, இவுரு இங்க வந்துட்டுப் போறாரு? நம்ம வண்டில டெய்லி ஏர்றவராச்சே. பெருங்களத்தூருல புது அபார்ட்மெண்டாண்ட நிப்பாரு."

ஜோதிக்குச் சுருக்கென்றது. பெருங்களத்தூரில் டைலர் இல்லையா? தாம்பரம் மார்க்கெட் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் தாண்டி, தெரிந்த முகம் ஒன்றுமில்லாத இந்தச் சந்துக்கு ஒரு மனுஷன் ஏன் வர வேண்டும்? புருஷனுக்குக் காகிதத்தைக் காட்டினாள். அவன் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தான்.

"இடுப்புல கட்டிக்கிறதா? பக்கத்துல ஏர்போர்ட்டு கீது. பர்மா பஜாருக்கு மால் எடுத்துனு வர்ற குருவிங்க இப்டித்தான் உள்ள வெச்சு தைச்சு கட்டிகினு வருவானுங்க. தண்ணி படாம ரெயின்கோட்டு துணி வேற! நீ பேஜார்ல மாட்டிக்காதே. நாளிக்கு போலீசு வந்தா, தைச்சவ யாருன்னு ஒன்னியத்தான் மொதல்ல இட்டுகினு போவான்."

அவன் பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் டிபன் பைக்குள்ளிருந்து லேஸ் வந்த அந்தச் சாயங்காலம் ஜோதியின் கண்முன் வந்து நின்றது. போலீசுக்குப் போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். நான்கு நாள் அந்தத் துணியைத் தொடவில்லை. தொட்டபோது ஒவ்வொரு மடிப்பிலும் ஏதாவது பதுக்கி வைத்திருக்கிறாரா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். வெறும் டவல்தான். இரண்டை மட்டும் தைத்து முடித்தாள். அதற்குமேல் மனம் ஓடவில்லை. அவர் இல்லாத நேரம் வீட்டுக்குப் போவது, எப்படிப்பட்ட குடும்பம் என்று பார்ப்பது, துணியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் மதியம் துலுக்காணத்தின் ஆட்டோவில் பெருங்களத்தூர் போனாள். அடையாளம் சொன்னதுமே வாட்ச்மேன், "ரெண்டாவது மாடி" என்றான். துலுக்காணம் கீழே ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டான். கதவுப் பலகையில் 'கே. சாம்பசிவன்' என்று எழுதியிருந்தது. 'நெத்திய பாத்தப்பவே நெனச்சேன்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பெல்லை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி மங்கையர்க்கரசி.

"சார் இருக்காருங்களா?"

"ஆபீஸ் போயிருக்கார். நீங்க யாரு?"

"அனகாபுத்தூர்லேர்ந்து வர்றேன்."

அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் மங்கையர்க்கரசியின் முகம் இறுகிவிட்டது. ஜோதியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அங்க பக்கத்துல பம்மல்ல இருக்கிற என் சித்தி பொண்ணு சொன்னப்ப நான் நம்பல. உங்க வீட்டுக்காரரை அனகாபுத்தூர்ல ரெண்டு தடவை பார்த்தேன், ஒரு சந்துக்குள்ள போனார்னு சொன்னா. கேட்டா, நான் அந்தப் பக்கமே போகலேங்கறார். எத்தனை நாளா இது?"

"ரெண்டு மாசமா வந்துனுகீறாருக்கா" என்றாள் ஜோதி, தையலை நினைத்துக்கொண்டு.

மங்கையர்க்கரசி கதவைப் பிடித்துக்கொண்டாள். "வீடு தேடியே வந்துட்டியா? உனக்குப் புருஷன் கிருஷன் இருக்கானா?"

"கீழ ஆட்டோல குந்தினுகீறாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஜோதிக்குப் புரிந்தது. "ஐயோ அக்கா, நான் டைலரு! துணி தைக்கக் குடுத்தாரு, அவ்ளோதான்!"

"அவருக்கு என்ன, ஜாக்கெட்டா தைக்கிற?"

"வண்டி சீட்டு கவரு."

"எங்க வீட்டுல வண்டியே கிடையாது."

மங்கையர்க்கரசி ஜோதியின் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினாள். தைத்த இரண்டும் தரையில் விழுந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். மாதாமாதம் பழைய துணியை மடித்து வைத்துக் காலம் தள்ளின எந்தப் பெண்ணுக்கும் அது என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே இருந்த ஃபிளானலைத் தடவினாள். திருப்பி ரெயின்கோட் துணியைத் தொட்டாள். நாடாவின் நீளத்தைப் பிடித்துப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கையிலிருந்ததை மடியில் வைத்துக்கொண்டு, "தை மாசம் புராஸ்டேட் ஆபரேஷன் ஆச்சு" என்றாள். "எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். முதுகு வலின்னு ஹால்ல பாய் போட்டுப் படுக்க ஆரம்பிச்சார். நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே தன் வேட்டியையும் பெட்ஷீட்டையும் தானே துவைச்சுப் போட்டுடுவார். பாத்ரூம் பூரா டெட்டால் வாசனை. கட்டின பொண்டாட்டி மேல என்ன திடீர்னு இவ்வளவு கரிசனம்னு நான் என்னென்னவோ நினைச்சேன். மூத்திரம் நிக்காமத்தான்னு தோணவே இல்ல."

"நானுந்தாங்க்கா. குருவின்னு நெனச்சிட்டேன்."

"என்ன குருவி?"

ஜோதி சொன்னாள். இடுப்பில் தங்கத்தைக் கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டில் இறங்குகிற தன் கணவரை மங்கையர்க்கரசி ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். குபுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய், கண் கலங்கியது. பிறகு தலையை நிமிர்த்தி, பழைய பார்வையோடு கேட்டாள்:

"உன்கிட்ட சொன்னாரா, இதுக்குத்தான்னு?"

"ஒன்னியுமே சொல்லலக்கா."

"சத்தியமா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா."

மங்கையர்க்கரசி துணிகளை மடித்துப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "மீதியையும் தைச்சுடு. நீ இங்க வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்."

அடுத்த வியாழக்கிழமை சாம்பசிவன் வந்தார். ஜோதி ஆறையும் கொடுத்தாள். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தொழில் புத்தி கேட்கவில்லை.

"சார், ரெயின்கோட்டு துணில குறுக்க தையல் ஓடினா ஊசி போன ஓட்டை வழியா ஒழுவும். அடுத்த தபா ஓரத்துல மட்டும் அடிக்கிறேன்."

அவர் அவளையே வெறித்துப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊரை ஒட்டி ஓடும் அடையாற்றில் தண்ணீர் ஏறியது. ஜோதி சந்துத் தண்ணீரைப் பார்த்து மிஷினைப் பலகை மேல் தூக்கி வைத்துவிட்டு, அந்த மனிதர் இந்த மழையில் எப்படிக் காயவைக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டாள். நான்கு மடிப்பு டவல் நல்ல வெயிலிலேயே சாயங்காலம்வரை காய வேண்டும். இரண்டாவது மாடியில், மனைவிக்குத் தெரியாமல், மழையில் எப்படி?

காயவில்லைதான். பின்னால் மங்கையர்க்கரசி சொல்லித்தான் அது ஜோதிக்குத் தெரிந்தது. ஒருநாள் விடிகாலை சமையலறையில் இஸ்திரிப் பெட்டி சுர்ரென்று சீறும் சத்தம் கேட்டு அவள் எழுந்து போயிருக்கிறாள். அவர் ஈரத் துணியைத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் பெட்டியைத் துணி மேலேயே விட்டுவிட்டார். ஃபிளானல் கருகியது.

"கொடுங்க, நான் தேய்க்கறேன்."

"யார் சொன்னா உனக்கு? அந்த டைலரா?"

"யாரும் சொல்லல. பத்து மாசமா பக்கத்துல படுக்காத புருஷனைப் பத்தி எனக்கா தெரியாது?"

அவர் அழவில்லையாம், கோபித்துக்கொண்டாராம். இரண்டு நாள் பேசாமலிருந்து, மூன்றாம் நாள் ஹாலிலிருந்த பாயைத் தானே சுருட்டி வைத்தாராம்.

கார்த்திகையில் இருவரும் அனகாபுத்தூருக்குச் சேர்ந்து வந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். மங்கையர்க்கரசி உள்ளே வந்து பழையவற்றில் என்னென்ன சரியில்லை என்று சொன்னாள். ரெயின்கோட் துணியின் ஓரம் உடம்பில் பட்டுப் புழுங்குகிறது, தொடையில் சிவந்துவிட்டது. நடுவில் காய்வதே இல்லை. ஜோதி யோசித்து மாற்றினாள். டவலை மடித்துத் தைக்காமல் நீளமாக விட்டு, கட்டும்போது மடித்துக்கொள்கிற மாதிரி வைத்தாள். துவைத்தால் பிரித்துக் காயப் போடலாம். ரெயின்கோட் துணியைத் தனியாக ஓர் உறை மாதிரி தைத்தாள். உடம்பில் படுகிற பக்கத்துக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டி. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் சோப்பு போடச் சொன்னாள்.

வாசலில் நின்றவர் அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறந்தார். "பழைய வேட்டி நிறைய இருக்கு."

மறுபடி டாக்டரிடம் போனார்கள். அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் சாம்பசிவன் தினமும் செய்தார். அடுத்த ஆடிக்குள் வாரத்தில் ஐந்து நாள் உலர்ந்த வேட்டியோடு எழுந்தார். மீதி இரண்டு நாளுக்குத் துணி இருந்தது. இப்போது அது மொட்டை மாடிக் கொடியில் பெட்ஷீட்டுக்கு அடியில் ஒளியாமல் வெயிலில் காய்ந்தது.

மங்கையர்க்கரசி சொல்லி வேறு சிலரும் ஜோதியிடம் வந்தார்கள். மாமியாருக்கு என்று ஒருத்தி வந்தாள், ஊரிலிருக்கும் அண்ணனுக்கு என்று ஒருவர் வந்தார். உண்மையில் யாருக்கு என்று ஜோதி ஒரு பார்வையிலேயே சந்தேகப்படுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கேட்க மாட்டாள். துலுக்காணம் கேட்டால், "சீட்டு கவரு" என்பாள்.

மங்கையர்க்கரசிக்கு மட்டும் ஒன்று தீரவில்லை. ஜாக்கெட் தைக்க வருகிற சாக்கில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்காருவாள். அளவெல்லாம் கொடுத்து முடித்துக் கிளம்புகிற நேரத்தில், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பாள்.

"அன்னைக்கு உன்கிட்ட நிஜமா ஒண்ணும் சொல்லலியா அவர்?"

"இல்லக்கா."

"என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொல்லியிருந்தா, அதையாவது சொல்லிடு."

"சொல்லலக்கா, மெய்யாலும்."

மங்கையர்க்கரசி கொஞ்ச நேரம் அவளையே பார்ப்பாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பாள்.