டோர்கஸ் தனக்காக எழுதிய மனு

கடலோர ஊரான லே நகரத்துக் கோர்ட் வாசலில், பழைய குடை ஒன்றை மழைக்கு விரித்துவைத்து, டோர்கஸ் பதினாறு வருஷமாகப் பாக்கும் பேனாவும் வெள்ளைத்தாளும் விற்றுவந்தாள். வியாபாரம் சும்மா ஒப்புக்கு. வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள் அவளைத் தேடி வந்ததெல்லாம் மனு எழுதிக்கொள்ளத்தான். ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லித் தந்த கை என்பதால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். "நடந்ததை மட்டும் சொல்லு. அழுகையை வீட்டுல வச்சுக்கோ, ஜட்ஜு அதைப் படிக்க மாட்டாரு" என்பாள். ஓர் எண்ணுக்கு ஒரு விஷயம், அடித்தல் திருத்தல் கிடையாது, மூன்று நகல். வேலித் தகராறோ பன்றித் தகராறோ, அவள் எழுதிய தாள் திரும்பி வந்ததே இல்லை. கோர்ட்டுக்குள்ளே முத்திரை குத்தும் குமாஸ்தாப் பெண் ஹானே, டோர்கஸ் அத்தையின் கையெழுத்தைக் கண்டால் படிக்கக்கூட மாட்டாள்.

டோர்கஸுக்கு ஒரே மகள், எல்மா. மார்பு நோயில் மூன்று மாதம் கிடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்தின வாரம், மூச்சு வாங்க வாங்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்னை மேட்டு நாட்டுக்குக் கொண்டுபோக விடாதேம்மா. அங்க எனக்கு யாரு இருக்கா? அப்பா பக்கத்துல, கடலோரமா படுக்க வை."

சரி என்று டோர்கஸ் சொல்லியிருந்தாள். பெற்றவள் வேறென்ன சொல்வாள்?

எல்மாவின் புருஷனோ மேட்டு நாட்டுக்காரன். "எங்க வீட்டுக்கு வந்தவ. எங்க மண்ணுலதான் இருக்கணும்" என்று உறவுக்காரர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டான். நேரில் பேச வழியில்லை. கடற்கரைக்காரர்களிடம் மாமியார் மருமகன் முகம் பார்த்துப் பேசுவதில்லை, ஒருவர் பெயரை ஒருவர் வாயால் சொல்வதுமில்லை. சொன்னால் அதைவிட அவமானம் கிடையாது. அவன் பெயர் யாப்பேத். ஞாயிறு பள்ளியில் நோவாவின் பிள்ளைகள் கதை வந்தால் "சேம், காம்..." என்று டோர்கஸ் நிறுத்திக்கொள்வாள். மூன்றாவது பெயரைப் பிள்ளைகள் அவளைச் சீண்டுவதற்கென்றே கூரை அதிரக் கத்துவார்கள். குனாய்ப் புல் மண்டிய ஊரிலிருந்து வந்தவன் என்பதால் வீட்டில் அவனுக்கு 'குனாய்' என்று பெயர் வைத்தார்கள். கல்யாணமான இந்தப் பதினொரு வருஷத்தில் தெருவே அவனைக் குனாய் என்றுதான் கூப்பிட்டது.

இலவச வக்கீலைப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். பிணம் அடுத்த மாதம் வரை காத்திருக்குமா? புதன்கிழமை டோர்கஸ் தன் குடையடியிலேயே உட்கார்ந்து தனக்காக எழுதினாள். நடந்ததை மட்டும் எழுதினாள், அழவில்லை. மகள் சொன்ன சொல் மூன்றாவது எண்ணில். வழக்கு தீரும்வரை உடலை யாரும் எடுக்கக் கூடாது என்ற வேண்டுகோள் ஏழாவது எண்ணில். எதிராளியின் பெயர் கேட்ட கட்டத்தில், கை ஒரு கணமும் தயங்காமல் 'குனாய்' என்று எழுதியது. வேறு பெயர் ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. ஹானே முத்திரை குத்தினாள். வியாழன் மதியம் தடை உத்தரவு கைக்கு வந்தது.

பிணவறைக்குப் போனபோது வாசலில் லாரி நின்றது. காவலாளி உத்தரவையும் பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"குனாயா? அப்படி யாரும் இங்க இல்லையேம்மா. புருஷன்னு கையெழுத்துப் போட்டவரு பேரு வேற."

"அதே ஆளுதான்யா."

"அப்போ பேரைச் சொல்லுங்க. நான் கோர்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிறேன். அஞ்சு நிமிஷ வேலை."

பத்தடி தள்ளி லாரியோரமாக அவன் நின்றான். மாமியாரைக் கண்டதும் முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மூன்று மாதமும் எல்மாவைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் டோர்கஸ் அங்கேயே சொல்லித் தொலைத்திருப்பாள்.

"சொல்லுங்கம்மா. லாரிக்காரன் அவசரப்படுறான்."

டோர்கஸ் உத்தரவைக் காவலாளி கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"தாளை மாத்திக்கிட்டு வரேன்யா. அதுவரைக்கும் கொடுத்துடாதீங்க."

"என் கையில என்ன இருக்கு? அவரு தாளு சரியா இருக்கே" என்றார் அவர். அவர் மேல் குற்றமில்லை.

கோர்ட்டுக்கு ஓடினாள். ஹானே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அத்தை, நான் படிக்காமலே குத்திட்டேனே. சரியான பேரு என்ன?"

"பேனா கொடு."

முத்து முத்தான எழுத்து அன்று கோணல்மாணலாக விழுந்தது. யாப்பேத். எழுதி முடித்ததும், ஊர் நடுவில் துணி அவிழ்ந்து நின்றதுபோல் அவளுக்குக் கூசியது. நீதிபதி திருத்தி ஒப்பமிட முக்கால் மணி நேரம் ஆனது. அந்தத் தாளை அவன் கையில் கொடுத்தால்தான் தடை. கொடுக்கும் முன்பே புதைத்துவிட்டால், மகளைத் தோண்டி எடுக்கச் சொல்லி மறு மனு எழுத எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பெரிய சாலைக்கு அவள் வந்து சேர்ந்தபோது, துக்கத்துக்கு அடையாளமாகக் குரோட்டன் கிளைகள் கட்டிய லாரி அவளுக்கு முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்புறம் பெட்டியின்மேல் கை வைத்தபடி, பாதைக்கு முதுகு காட்டி அவன் உட்கார்ந்திருந்தான். டோர்கஸ் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மழையில் பின்னாலேயே ஓடினாள்.

"யாப்பேத்" என்று கூப்பிட்டாள்.

சாலையோரம் வாழைப்பழம் விற்ற பெண்கள், அவளைத் தெரிந்தவர்கள், காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் பார்க்கவில்லை. இன்னும் உரக்க, இருந்த உயிரையெல்லாம் கூட்டி, "யாப்பேத், நில்லுப்பா, யாப்பேத்" என்று கத்தினாள்.

அவனுக்குக் கேட்டது. தோள் அசைந்ததை அவள் கண்ணால் கண்டாள். ஆனாலும் அவன் திரும்பவில்லை. யாரோ தெரிந்த பெண் துக்கம் சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான். உலகத்தில் எந்தப் பெண் கூப்பிட்டாலும் அவன் நம்பியிருப்பான், அந்தப் பெயரைச் சொல்லித் தன் மாமியார் கூப்பிடுவாள் என்பதைத் தவிர. பெட்டியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். லாரி மேட்டு நாட்டுச் சாலையில் திரும்பியது.