ரோசி டீச்சர் அழுதால் பதினெட்டு

சதீஸ்குமார் ரோசி டீச்சரை முதன்முதலில் பார்த்தபோது அவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தற்காலிகக் கணக்கு ஆசிரியராக அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. தேய்த்த சட்டையும் புதுச் செருப்புமாக ஆசிரியர் அறைக்குள் கம்பீரமாக நுழைந்தவன், ஒரு அம்மா விடைத்தாள் கட்டின் மேல் கவிழ்ந்து அழுவதைக் கண்டு பதறிப்போனான்.

“இன்னாச்சிங்க டீச்சர்?”

“இவங்கப்பாவ கரடி அடிச்சிடுச்சி சார்” என்று ஒரு தாளை நீட்டினார். “பதினெட்டு போட்டிருக்கேன்.”

அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. அது ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுதிய சிறுகதை.

ரோசி டீச்சர் அடிவாரத்துச் சந்தவாசல்காரர். மலைமேல் இருக்கும் இந்தப் பள்ளிக்கு வந்து தமிழ் நடத்த ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. கதை திருத்துவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கண் கலங்கினால் இருபதுக்குப் பன்னிரண்டு. கண்ணீர் கன்னத்தில் இறங்கினால் பதினைந்து. மூக்கைச் சிந்த வேண்டி வந்தால் பதினெட்டு. ஒற்றுப்பிழையெல்லாம் அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடும்.

பிள்ளைகளுக்கு இதை மோப்பம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வகுப்பின் கதைகளில் ஓர் உயிர் தப்பவில்லை. பலாமரத்திலிருந்து விழுந்தார்கள், தேனெடுக்கப் போய்ப் பாறையில் உருண்டார்கள், கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸோடு போனார்கள். ஒருவன் பொறுமையில்லாமல் மொத்தக் குடும்பத்தையும் இரண்டாம் பத்தியிலேயே தீர்த்துவிட்டு, ‘இப்போது நானும் இறந்துவிட்டேன், நன்றி’ என்று முடித்திருந்தான். அவனுக்குப் பதினேழு.

ஆனால் போளூரில் நடக்கும் கதைப் போட்டியில் இந்தச் சாவுகள் ஒன்றும் எடுபடவில்லை. தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “இந்த வருசமும் பரிசு வரலன்னா, போட்டிப் பொறுப்ப பி.டி. சார் பாத்துக்கட்டும் டீச்சர்.” ரோசி டீச்சருக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கேட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் இளவரசியின் கதை வந்தது. மற்றவர்களாவது ராமு, சோமு என்று பேர் வைத்துக் கொல்வார்கள். இவள் சொந்த ஊர்ப் பேரைப் போட்டு, தன் அப்பா ராஜாக்கண்ணு மரத்திலிருந்து விழுந்து செத்ததையும், அதைப் பார்த்துச் சாமைக் கதிரெல்லாம் தலைகுனிந்ததையும் எழுதியிருந்தாள். தாளைத் தோழியிடம் கொடுத்தனுப்பிவிட்டு ஆள் பள்ளிக்கூடம் வரவில்லை. காய்ச்சல். அது டீச்சருக்குத் தெரியாது. தேம்பித் தேம்பிப் பத்தொன்பது போட்டார். சனிக்கிழமை காலை பூமாலையோடு அவள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

சதீஸ்குமாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இளவரசி அவன் கூடப்பிறந்த தங்கை. ஆனால் பாரபட்சம் என்று பேச்சு வந்துவிடுமோ என்று அவன் அதைப் பள்ளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

சாவு வீட்டுக்குப் போகிறவள் தெருமுனையிலேயே குரல் கொடுக்க வேண்டும். டீச்சர் கொடுத்தார். அந்த ஊர்ப் பெண்களோ, ஒப்பாரி கேட்டால் முதலில் அழுவார்கள், பிறகுதான் யாரென்று விசாரிப்பார்கள். அதுதான் மரியாதை. ஒருத்தி அழ, இன்னொருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழ, ராஜாக்கண்ணு வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது.

கடைக்குப் போய்விட்டு வந்த சதீஸ்குமார் தன் வீட்டு வாசலில் கூட்டத்தைக் கண்டான். பி.எஸ்சி. படித்த மூளை அப்படியே நின்றுபோனது. பைக்கைக் கீழே போட்டுவிட்டு, “ஐயோ, அப்பா!” என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடினான்.

பக்கத்தில் நின்றவர் அவன் தோளைத் தட்டினார். “அழுவாதடா. யாரு போனாங்கன்னே இன்னும் தெரில.”

சொன்னவர் ராஜாக்கண்ணு. சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடிவந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடக்கமாக நின்றிருந்தார். டீச்சரிடம் அவரே கேட்டார்: “யாருக்கு இன்னா ஆச்சிம்மா?”

“ராஜாக்கண்ணு போய்ட்டாருங்களே!”

ராஜாக்கண்ணு தன் நெஞ்சை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

போர்வையைப் போர்த்திக்கொண்டு இளவரசி வெளியே வந்தாள். அவள் திருதிருவென்று முழிக்க, விஷயமும் வெளியே வந்தது. அழுதவர்கள் பாதியில் நிறுத்த முடியாமல் விக்கினார்கள்.

“குத்துக்கல்லாட்டம் நிக்கிற மனுசன சாவடிச்சிட்டியேடி!” என்று பாய்ந்தாள் பக்கத்து வீட்டு மஞ்சுளா.

“வுடும்மா, செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டி” என்ற ராஜாக்கண்ணு, டீச்சர் பக்கம் திரும்பினார். “எத்தினி மார்க்கு?”

“இருபதுக்குப் பத்தொன்பதுங்க.”

“நான் செத்தும் ஒண்ணு கொறையுதா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் மாலையும் கையுமாக அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் இளவரசியைப் பார்த்து, “இப்ப நடந்தத அப்டியே எழுதி எடுத்துனு வா” என்றார்.

திங்கட்கிழமை கதை வந்தது. அன்றே போளூருக்கு அனுப்பியாக வேண்டும். டீச்சர் படித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பயந்துபோனார்.

“சார், சிரிச்சா எவ்ளோ போடறது?”

“உங்க கணக்குப்படி சைபர், டீச்சர்” என்றான் சதீஸ்குமார்.

பத்தொன்பது வாங்கிய பழைய கதையையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஜபம் பண்ணுவதுபோலக் கண்ணை மூடினார். பிறகு புதுக்கதைக்கு இருபது போட்டு உறையில் வைத்து ஒட்டிவிட்டார்.

அதற்கு மூன்றாம் பரிசு வந்தது. ரோசி டீச்சர் இன்றும் அதே பள்ளியில்தான் தமிழ் நடத்துகிறார். கதைப் போட்டிப் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது.