கரித்துணியைக் கழுவிய கை

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் தொலைந்துவிடுமோ என்று இறங்கும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வருவேன். ஏழாம் வகுப்போடு நின்றவள். தப்பாகிவிட்டால் பேசிச் சமாளிக்கத் தெரியாது. அதனால் தப்பே வரக் கூடாது என்று எதையும் பார்த்துப் பார்த்துச் செய்வேன். அப்படிச் செய்ததில்தான் ஆறு பெண்களின் வேலை போயிற்று.

கும்பகோணம் சாலையில் ஒரு புழுங்கல் அரிசி மில்லில் நெல் ஊறவைக்கும் தொட்டிகள் என் பொறுப்பு. ஊறல் தண்ணீரின் நாற்றம் குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. அந்தத் தண்ணீர் பின்பக்க வாய்க்காலில் கலந்து சம்பா நாற்று கருகுகிறது என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். தீபாவளி கழித்து அதிகாரி வந்து தண்ணீரைச் சோதிப்பார், தேறாவிட்டால் ஊறவைப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊறல் நின்றால் களத்தில் நெல் காயவைக்கிற ஐந்து பேருக்கும் எனக்கும் அங்கே என்ன வேலை?

தண்ணீரைச் சுத்தம் செய்ய முதலாளி தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியையை அழைத்து வந்தார். கூட ஒரு மாணவி. கழிவுத் தொட்டிக்குள் கரியிழையில் நெய்த கறுப்புக் கரித்துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒயர் இழுத்து, மேலே ஒரு மீட்டர் வைத்தார்கள். முதலாளியோடு அரைமணி நேரம் இங்கிலீஷில் பேசினார்கள். என்னிடம் அந்த மாணவி, “அக்கா, காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி இந்த நம்பர எழுதி வைங்க, போதும்” என்றாள்.

“தண்ணியில கரண்டு விடுறீங்களாம்மா?”

“விடலக்கா, எடுக்கறோம். ஷாக்லாம் அடிக்காது.”

சிரித்தாள். ரப்பர் செருப்பு இல்லாமல் நான் அந்தத் தொட்டிப் பக்கம் போனதே இல்லை.

நாளாக நாளாக எண் ஏறியது. வெளியே விழும் தண்ணீரில் நாற்றம் பாதியாகக் குறைந்தது. களத்துப் பெண்கள் வந்ததும் வராததுமாக, “ஏறுச்சாக்கா?” என்றுதான் கேட்பார்கள்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் மில்லில் ஒரு திருகாணியைக்கூட விடாமல் கழுவுவது வழக்கம். “முதலாளி குடும்பத்தோட வராரு. எங்கயாச்சும் அழுக்கு இருந்துச்சு, ஒன்னத்தான் கேப்பேன்” என்றார் மேஸ்திரி. கரித்துணிகளில் சளி மாதிரி ஏதோ வழவழவென்று அப்பியிருந்தது. பல நாளாகவே எனக்கு அதைப் பார்த்துக் கவலை. பாசி பிடித்து மெஷின் கெட்டால் பழி என் தலையில்தானே விழும்? மூங்கில் குச்சியால் ஒயரைத் தட்டிக் கழற்றி, துணிகளை வெளியே எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கை எரிந்தது. புதுசு மாதிரி ஆகும்வரை விடவில்லை. திரும்ப மாட்டி, மறுநாள் மீட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூவும் போட்டேன்.

எண் விழுந்து போயிற்று. ஏறவே இல்லை. விடுமுறை முடிந்து வந்த பேராசிரியை துணியைத் தூக்கிப் பார்த்தார்.

“யாரு கழுவுனது?”

“நாந்தாம்மா. பூஜைக்கு.”

“அந்தச் சளிதான்மா கிருமி. அதுதான் கழிவத் தின்னுச்சு, கரண்டும் குடுத்துச்சு. அது வளரத்தான் இத்தன நாளாச்சு.”

“நீங்க இவகிட்ட சொல்லலயா?” என்றார் முதலாளி.

“நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கழுவச் சொன்ன மேஸ்திரி, “சாமிக்கு வெக்கிற பூவ மீட்டருக்கு வெச்சா வேற என்னாவும்?” என்று சிரித்தார்.

வாய்க்கால் சேற்றைக் கரைத்து ஊற்றிக் கிருமியை மறுபடி வளர்க்கப் பார்த்தார்கள். அது வளர்வதற்குள் அதிகாரி வந்துவிட்டார். தண்ணீர் தேறவில்லை. இப்போது முதலாளி வெளியிலிருந்து அவித்த நெல்லை வாங்கி அரைக்க மட்டும் செய்கிறார். களத்தில் லாரி நிற்கிறது. களத்துப் பெண்களில் ஒருத்தியைச் சந்தையில் பார்த்தேன். “படிச்சவங்க வேலையில ஒனக்கு என்னாக்கா கை?” என்றாள்.

போன மாதம் அந்த மாணவி போன் செய்தாள். நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன்.

“அக்கா, பிளீச்சிங் பவுடர் எவ்ளோ போட்டீங்க? எவ்ளோ நேரம் தேச்சீங்க? எங்க ரிப்போர்ட்ல எழுதணும்.”

“ரெண்டு கை அள்ளிப் போட்டேம்மா” என்றேன். ரிப்போர்ட்டில் தப்பாகிவிடக் கூடாதே என்று கொஞ்சம் யோசித்து, “ரெண்டரை இருக்கும்” என்றேன்.